கையில் நின்ற எட்டாவது கல்

கெலமங்கலத்தைத் தாண்டி ராயக்கோட்டைப் பக்கம் ரயிலில் போனால் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை. அந்தப் பாறை வெட்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டில் கேட்டால் தூசி என்பேன்.

வெள்ளைக்காரன் தன் சின்ன ரயிலுக்காகக் குடைந்த வெட்டு அது. அந்தக் காலத்து ஆட்கள் கையால் அடித்த துளைகள் பாறைச் சுவரில் இன்னும் பாதிப்பாதியாகத் தெரியும். அதில் எத்தனை பேர் செத்தார்களோ, யாரும் எழுதி வைக்கவில்லை. தொண்ணூறுகளில் அகலப்பாதை போடுவதற்காக அதே வெட்டை நாங்கள் இன்னும் அகலமாக்கினோம். நான் காண்டிராக்டரின் சூப்பர்வைசர். பேண்ட் போட்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஆட்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

வெடி வைப்பவர் தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எத்தனை குழிக்குத் திரி கொளுத்தப் போகிறாரோ அத்தனை கூழாங்கல்லை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு வேட்டுக் கேட்டால் ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். கல் மீதி இருந்தால் அன்றைக்கு யாரும் வெட்டுக்குள் இறங்கக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்தான். ஆனால் அவர்கள் உயிர் அதில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் எட்டுக் கல் கொடுத்தார். நான் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஏழு வேட்டுக் கேட்டது. கையில் ஒரு கல் நின்றது. தூரத்தில் ரயில் நின்று ஊதிக்கொண்டிருந்தது. பாதையில் விழுந்த பாறையை அள்ளினால்தான் அது நகரும். எஞ்சினியர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு ஒன்றாக வெடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கல்லை நழுவவிட்டேன்.

"கல்லு எல்லாம் ஆச்சா சார்?" என்று வெடிக்காரர் மேலிருந்து கத்தினார்.

"எல்லாம் ஆச்சுண்ணே, எறங்குங்க."

அவர் கடப்பாரையால் நெம்பிய இடத்தில் எட்டாவது வெடித்தது.

நாலு நாள் கழித்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சார், நான் ஏழு கல்லுதான் குடுத்தனா? படுத்துக்கினு அதையே யோசிக்கிறேன்."

கட்டிலின் கால்மாட்டில் இருந்த அவர் மனைவி என்னையே பார்த்தார்.

"ஆமாண்ணே," என்றேன். "ஏழுதான்."

"இத்தினி வருசத்துல ஒருநாளும் தப்பினதில்லையே!" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கண்ணைப் பறித்தது போதாதென்று, அவர் தன் கணக்கின்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் பறித்துவிட்டேன். அவரோ என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சுக்கங்க சார்."