கங்கப்பன் பார்த்த யானைகள்

வேறு ஊராக இருந்தால் முதல் யானையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். காட்டை ஒட்டிய ஜவளகிரியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கே யானையைப் பார்த்தேன் என்று ஒருவன் சொல்லி, நம்பாமல் படுத்துவிட்டால் காலையில் கேழ்வரகுக் கொல்லை இருக்காது.

எண்பதுகளில் கங்கப்பன் ஓசூரிலிருந்து பம்பாய்க்கு லாரி ஓட்டினான். தூங்காமல் போய்ச் சேருகிறவனுக்குத்தான் அடுத்த லோடு. வழியில் ஒரு டிரைவர் கொடுத்த வெள்ளை மாத்திரையைப் போட்டான். பசியில்லை, அலுப்பில்லை, ராஜா மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் ஒன்று போதவில்லை. அப்புறம் மாத்திரை இல்லாவிட்டால் லாரி ஓட்டுவது இருக்கட்டும், எழுந்து பல் விளக்கக்கூட முடியவில்லை. உடம்பு இளைத்துச் சட்டை கொடியில் தொங்குவது போலத் தொங்கியது. நெஞ்சு திமுதிமுவென்று அடித்துக்கொண்டது. வாயில் ஒன்றுமில்லாமலே பல்லை நறநறவென்று கடித்தான். சோற்றில் ஏதோ கலக்கிறாள் என்று மனைவி முனிலட்சுமி முன்னால் தட்டை வீசினான். அவள் பாகலூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் யானைகள் வந்தன.

"ஆனெ! ஏரிக்கரையில மூணு ஆனெ!"

ஊரே தகரம் தட்டிக்கொண்டு, பட்டாசு வெடித்துக்கொண்டு ஓடியது. கரையில் நின்றது ஓர் எருமை. அதுவும் பட்டாசுக்கு மிரண்டு ஓடிவிட்டது. யானை காட்டுக்குள் போயிருக்கும் என்று திரும்பினார்கள். மறுவாரமும் அப்படித்தான். மூன்றாவது தடவை கோவிந்தப்பன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"காலடியும் இல்ல, லத்தியும் இல்ல. ஏண்டா, உன் ஆனெ பறந்து வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கங்கப்பன் சிரிக்கவில்லை. காது ஆடியதைக்கூடப் பார்த்தவன் அவன். இனி எதைப் பார்த்தாலும் யாரிடம் கேட்பது? வீட்டில் யாருமில்லை, அடுப்பு எரிந்தே மாசங்களாகியிருந்தன.

டீக்கடை காஜா மொய்தீன் மட்டும் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாத்தடா சும்மா மென்னுக்கினே இருக்கிறே? மாத்திரையா?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பயம் தணிய மருந்து கொடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "இதுக்கு மாத்து மாத்திரை கிடையாது. தூக்கம் வரும், தூங்குங்க. பசிக்கும், சாப்பிடுங்க. அப்புறம் ஒரே வெறுமையா இருக்கும். அதுதான் மறுபடி மாத்திரைகிட்ட இழுக்கும். அப்ப தனியா இருக்காதீங்க. பழைய லோடுக்கும் போகாதீங்க."

கங்கப்பன் தூங்கினான். களியை உருண்டை உருண்டையாக விழுங்கினான். பிறகு டாக்டர் சொன்ன வெறுமை வந்து கூடவே குடியிருந்தது. பாகலூர் போக ஆசைதான். ஆனால் கண்ணே பொய் சொல்கிறபோது, எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?

தினம் காலையில் டீக்கடைக்கு வருவான்.

"பாய், மூங்கில் ஓரமா எதுனா நிக்குதா?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது பாரு."

பாய் ஒருநாளும் சிரித்ததில்லை. நாளாக ஆகக் கேள்வி குறைந்தது, பிறகு நின்றேபோனது. ஆனாலும் கங்கப்பனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை.

ஒரு விடியலில் டீக்கடைக்கு எதிரே மூங்கில் ஓரம் கறுப்பாக அசைந்தது. கங்கப்பன் கண்ணை மூடித் திறந்தான். ஆடிய தும்பிக்கை மறையவில்லை. "ஆனெ!" என்று கத்தினான்.

"கங்கண்ணா, இன்னிக்கு எத்தினி?" என்றது ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். யாரும் வெளியே வரவில்லை.

கங்கப்பன் திரும்பினான். "பாய்... உனக்குத் தெரியுதா?"

"தெரியுதாவா? வாலைத் தொட்டுப் பாக்கணுமா உனக்கு? உள்ள வாடா!" காஜா மொய்தீன் அவனை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தகரத்தைத் தட்டினார். அப்புறம்தான் ஊர் வந்தது.

யானை கடையில் தொங்கிய வாழைத்தாரைத் தின்றுவிட்டுப் போனது. பெஞ்சுக்கு அடியில் கிடந்த கங்கப்பன் சிரித்தான், அழுதான். எழுந்து போய்ச் சேற்றில் பதிந்திருந்த காலடியில் கையை வைத்துப் பார்த்தான்.

அடுத்த பாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்தான்.

"ஆள் வருதாப்பா?" என்றார் கண்டக்டர்.

"திரும்பி வர்றப்ப வருவாங்கண்ணே" என்றான்.