சாப்பிட்டீர்களா என்று கேட்ட நாள்

கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜில் மதினியும் நானும் ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். மதினி என் மாமா மகள். இருவருக்கும் மலைக்கு உள்ளே இருக்கும் கிளாவரைதான் ஊர். ரிசப்ஷன் சீட் காலியானதும் மேனேஜர், "கெஸ்ட்கிட்ட இங்கிலீஷ்ல தப்பில்லாம நாலு கேள்வி கேக்குறவங்களுக்குத்தான் அது" என்றார். எனக்கு அந்தச் சீட் வேண்டும். பினாயில் பட்டுப் பட்டுக் கைத்தோல் உரிந்துபோயிருந்தது.

மதினி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். "நான் சொல்லித் தாரேன் புள்ள. எனக்கு அந்தச் சீட்டெல்லாம் வேணாம். நாள் பூரா எவ சிரிச்சுக்கிட்டு நிப்பா?" என்றாள். பதிலுக்கு அவள் பங்கு பாத்ரூமையும் ஒரு மாதம் நானே கழுவினேன். அவள் மெத்தை விரித்தபடியே பாடம் நடத்துவாள். முடிந்ததற்கு 'டிட்', இனிமேலுக்கு 'வில்'. நானோ நேற்றே வந்தவரை நாளைக்கு வரவைப்பேன். "கூறுகெட்டவளே!" என்று தலையணையால் ஒரு போடு போடுவாள். ஒருவழியாக எல்லாம் வாயில் படிந்தது.

மேனேஜர் எனக்குப் பரீட்சை வைத்த அன்று சென்னையிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றார். மதினி துண்டுகளோடு படியருகே நின்றாள். "வென் டிட் யூ ஸ்டார்ட்?" கேட்டேன். "வில் யூ ஸ்டே டூ டேஸ்?" கேட்டேன். ஒரு தப்பில்லை. அந்த வேகத்தில், "டிட் யூ ஈட்?" என்றும் கேட்டுவிட்டேன். அந்த அம்மா முகம் மலர்ந்து, "இல்லம்மா, டிபன் உண்டா? ரொம்ப சந்தோஷம்" என்று டைனிங் ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டார். லாட்ஜ் செலவில் இரண்டு பிளேட் பூரி போனது.

"யாரு உன்ன அதக் கேக்கச் சொன்னா?" மேனேஜர் குதித்தார்.

"எங்க ஊர்ல யாரு வந்தாலும் மொதல்ல அதத்தான சார் கேப்போம். மதினிகிட்ட வேணா கேளுங்க."

மதினி என்னைப் பார்க்கவே இல்லை. "எங்க வீட்ல அப்படியெல்லாம் கேக்க மாட்டோம் சார். அடுத்த கெஸ்ட்ட நான் பாக்கட்டா?"

அடிப்பாவி! ஈபி மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட அவள் அம்மா அதைக் கேட்காமல் விட்டதில்லை. அடுத்து வந்த காரை மதினிதான் வரவேற்றாள். சீட்டும் அவளுக்கே கிடைத்தது.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த அறைக்கு ஒன்றாகத்தான் திரும்பினோம். கூடவே இருந்து குழி பறித்தவளோடு ஒரே ஏற்றத்தில் நடக்க வேண்டியிருந்தது.

"சீட்டு வேணும்னு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே விட்டுக்குடுத்திருப்பேனே மதினி?"

"தெரியும் புள்ள" என்றாள். "நீ விட்டுக்குடுத்த சீட்டுல நான் எப்படி உக்காருவேன்?"