லேசா விடு

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபத்திரண்டு வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு வீட்டு வாசல்படி மாதிரி. அந்தத் திமிரில், என் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவள் நாகலூர் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுத்தால் மார்க்கெட் வேனும் சூப்பர்வைசர் வேலையும் அவளுக்கு என்றார் முதலாளி. இல்லாவிட்டால் காலம் பூராவும் அடுப்படிதான். எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, "கிளட்ச்ச லேசா விடு" என்றேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"ஏனுங்க, லேசான்னா எவ்வளவுங்க?"

"லேசான்னா லேசாத்தான்!"

நாலாம் நாள் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் சாவியை என் மடியில் எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு டீச்சரம்மா தன் காரோடு வந்தார். சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். அவர் ஓட்டினால் ஆடுகூட முந்திக்கொண்டு போகும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"செருப்பக் கழட்டுங்க கண்ணு. கால மெதுவாத் தூக்குங்க. வண்டி உதறுதுங்களா? அங்கயே நிறுத்தி, ஆமென் சொல்லிட்டு அப்புறம் விடுங்க."

"எனக்கு ஆமென் வாயில வராதுங்களே."

"அப்ப உங்க மலைச்சாமியக் கூப்பிட்டு, சேர்வராயான்னு சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் நீளம், நல்லதுதானுங்க."

சேர்வராயா. வண்டி பூப்போல ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு இது வரவே ஆறு மாசமாச்சுங்க, நொம்ப அழுதிருக்கறேன்" என்றார் டீச்சரம்மா. "எங்கெங்க தப்பும்னு ஒண்ணு விடாமத் தெரியும்."

லைசென்ஸ் வந்தது, வேனும் வந்தது.

போன வாரம் அதே ஏற்றத்தில் டூரிஸ்ட்டுகளோடு நின்று கிளம்பும்போது, என் கால் அப்படி என்னதான் செய்கிறது என்று குனிந்து பார்த்தேன். பார்த்ததுதான் தாமதம், வண்டி அணைந்தது. திரும்பக் கிளப்பினேன், திரும்ப அணைந்தது. பின்னால் ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் மார்க்கெட் வேன். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏனுங்க, லேசா விடுங்க!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு வழியில்லாமல் வாய்விட்டே "சேர்வராயா" என்றேன். வண்டி நகர்ந்தது. பின்சீட்டு அம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டிரைவர், பிரேக் இருக்குதுங்களா?" என்றார்.