அஷ்டமி கொடுத்த இரண்டு நாள்

தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை இன்று காலை ஆம்பூர் கிடங்கு வாசலில் இறக்கினேன். உள்ளே பெண்களுக்கு இடமில்லை.

கணவர் இறந்தபின் வியாபாரத்தை நடத்துவது நான். கிடங்கில் ஆண் கையெழுத்துதான் செல்லும் என்பதால் கையெழுத்துப் போடுவது என் கொழுந்தன். அதற்கு ஒப்புக்கொண்டது என் தப்பு.

இன்று அவன் என்னிடமும் ஒரு தாளை நீட்டினான்.

"இன்னா தம்பி இது?"

"பட்டை சப்ளைக்குத்தான் அண்ணி. இந்த வருஷம் உங்க ரேகையும் கேக்கறாங்க."

கிடங்கு குமாஸ்தா சிரித்தார். "தாளை உத்து உத்துப் பாக்கறீங்களே, படிக்கவா போறீங்க? பேஜார் பண்ணாம விரலை வைங்கம்மா."

மளிகை கட்டிவரும் காகிதங்களைப் பார்த்து நானே எழுத்துக் கற்றது அவர்களுக்குத் தெரியாது. என் பெயரிலுள்ள பட்டைக் கொட்டகையைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுப்பதாகத் தாளில் இருந்தது.

படிக்கத் தெரியும் என்று சொன்னால், அடுத்த தாளை எனக்குக் காட்டாமலே வேறொருத்தியின் விரலை வைத்து முடித்துவிடுவார்கள்.

"இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. இப்போ ரேகை வெச்சா குடும்பம் விளங்குமா?" என்றேன்.

என் சொல்லை ஒருநாளும் கேளாதவன் பஞ்சாங்கத்தைக் கேட்டான். தாளை மடித்து வைத்துக்கொண்டான்.

நாளை மறுநாள் தசமி. கொட்டகையை விடமாட்டேன். எப்படிக் காப்பது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் வீடுகளிலும் கொழுந்தன்கள் உண்டு. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இந்தப் பத்திரிகையிலேயே எழுதுங்கள். என் பெயருக்குத் தபாலில் மட்டும் போடாதீர்கள். என் கடிதங்களை அவன்தான் பிரித்து எனக்குப் படித்துக் காட்டுகிறான்.