எடுங்கடா, எல்லாரும் எடுங்க

எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரவுடி டீச்சர். நான் பக்கத்து அறையில் கணக்கு நடத்துகிறவள். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் வட்டத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் பளார் என்று கேட்கும். என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். இப்படி ஒருத்தியோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு பாடம் நடத்திப் பாருங்கள், அப்புறம் என் கோபம் புரியும்.

கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிந்தவள். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தடியன்கள் கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஒருவனை ஒருவன் குத்தப் போனார்கள். ஆளுக்கொரு கையாகக் காலரைப் பிடித்து மண்டையோடு மண்டையை மோதவிட்டாள். ஒருவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவளே பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, "இனிமே?" என்று கேட்டாள். "இல்ல டீச்சர்" என்றான் அவன், மூக்கால்.

"உனக்கு வாயே கிடையாதாடி? எல்லாத்துக்கும் கைதானா?" என்று ஆசிரியர் அறையில் அவளைப் பிடித்தேன்.

"வாயால சொல்லி உங்க கணக்கே அவனுங்களுக்கு ஏறல. இதுவாக்கா ஏறப்போகுது?" என்று டீயை உறிஞ்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதையும் அவளே சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா குழாய் வேலைக்காரர். வேலை முடிந்து வந்தால் அம்மாவை அடிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பதினோராம் வகுப்பு படிக்கும்போது, அவருடைய பெட்டியிலிருந்தே ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் வலது கையை முறித்துவிட்டாள். போலீஸ் வந்தது. அப்பா மாவுக்கட்டைக் காட்டினார். அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளைத் தூக்கி விடுதியில் போட்டுவிட்டார்கள்.

"அவன் கைக்குக் கட்டு சாட்சி. எங்கம்மா முதுகுக்கு எவன் சாட்சி? நான் இல்லாத வீட்டுல இடது கையால அடிச்சுப் பழகிக்கிட்டான்க்கா" என்றாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இப்போது இவளோடுதான், நிமிரவே நிமிராத முதுகோடு. இவள் சம்பளத்தில்தான் மருந்து, சோறு எல்லாம்.

இந்த நிலையில்தான் எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஞானோதயம் வந்தது. கணினி அறையில் பாதி கணினிக்கு உயிர் இல்லை, புதிதாக வாங்க வழியும் இல்லை, ஆகவே பிள்ளைகள் அவரவர் ஃபோனையோ டேப்லெட்டையோ வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று அறிவித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். பிள்ளைகள் தங்கள் ஃபோனை அதனோடு இணைத்துவிட்டால், ஃபோனில் தெரிவது சுவரில் தெரியும், ஃபோனில் கேட்பது வகுப்பு முழுக்கக் கேட்கும்.

"வகுப்பா சார் இது, சந்தையா?" என்று அவள் மேசையைக் குத்தினாள். ஹெட்மாஸ்டரின் டீ கவிழ்ந்ததுதான் மிச்சம்.

முதல் வாரமே வினை வந்தது. கேமரா என்று ஒரு பையன். எதைக் கண்டாலும் படம் பிடிப்பான், அதனால் அந்தப் பெயர். ரவுடி டீச்சர் ஒருவன் முதுகில் அறைந்ததை மேசைக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். பிடுங்கினாள், சுவரில் ஓங்கி அடித்தாள். ஃபோன் சில்லுச் சில்லாகத் தெறித்து, என் தடுப்பு அதிர்ந்தது. மறுநாள் அவனுடைய அம்மா வந்தார். வந்த வேகத்தில் இவள் கொண்டையைப் பிடித்து இழுக்க, இவள் அந்தம்மாவின் கையை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக, இரண்டு பேரையும் பிரிப்பதற்குள் என் கண்ணாடி போயிற்று.

"வேற ஃபோன் வாங்கித் தரேன்" என்றாள் இவள், மூச்சு வாங்க.

"உன் பிச்சை எவளுக்கு வேணும்? இந்தப் பயலுக்கு இனி ஃபோனே கிடையாது, போ!" என்று அந்தம்மா மகன் தலையில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார். அடியும் பட்டு, ஃபோனும் போனது அந்தப் பயலுக்கு மட்டும்தான்.

ஹெட்மாஸ்டர் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார். பள்ளிக்குள் இனி யார்மேல் அவள் கை பட்டாலும், பிள்ளையோ பெற்றவரோ, அன்றைக்கே வேலை போய்விடும். அதற்குப் பிறகு அவள் பாடம் நடத்தும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டது. இன்றா நாளையா என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அன்று நடந்ததைப் பிள்ளைகள் பிறகு சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். இலை நரம்புகள் பற்றிய பாடம். பிள்ளைகள் மைதானத்தில் எடுத்த படங்களை ஒவ்வொருவராகச் சுவரில் காட்டவேண்டும். பொடிசின் முறை வந்தது. ஆள் சிறிசு என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முழுக்கைச் சட்டையை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருப்பாள். அவள் எடுத்த இலை சுவரில் பச்சைப் பசேலென்று விரிந்தது. அதன்மேல் ஒரு செய்தி வந்து உட்கார்ந்தது.

"எங்கடி இருக்க?"

அப்பா என்று பெயர் காட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்தது வந்தது.

"உங்கம்மா கதவத் தொறக்க மாட்டேங்கறா. ஒடச்சா ரெண்டு பேரும் செத்தீங்க."

சிரிப்பு நின்றது. மூன்றாவதும் வந்தது.

"நேத்து பாதிதான். மீதி இன்னிக்கு."

பொடிசு இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். அவசரத்தில் எதையெதையோ அழுத்தினாள். சட்டைக் கை மேலேறிவிட்டது. முழங்கை வரை கன்றிப்போன தடங்கள். அதற்குள் அவன் ஃபோனே செய்துவிட்டான். மணி வகுப்பு முழுக்க அலறியது. ரவுடி டீச்சர் அதைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அவன் குரல் சுவரிலிருந்து கேட்டது. பெற்ற மகளை அவன் திட்டிய வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நான் அவ டீச்சர் பேசறேன்டா! பச்சப்புள்ளகிட்டதான் உன் வீரமா? ஆம்பளையா இருந்தா இங்க வாடா. வா, உன் கைய முறிச்சுக் கையிலயே குடுக்கறேன்!" என்று இவள் கத்தினாள்.

புத்தி கெட்டவள். மெதுவாகப் பேசி வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்லியிருக்கலாம். காவலாளியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம், அழைப்பு வைத்தல்லவா கூப்பிட்டாள்! அவன் லாரி ஓட்டுகிறவன். வகுப்பு முடியும் மணி அடிப்பதற்குள் லாரியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, வாசலில் "அவசரம், என் பொண்ணைப் பார்க்கணும்" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டான். ஜாக்கியைத் திருகும் இரும்புக் கம்பி சட்டைக்குள் இருந்ததைக் காவலாளி பார்க்கவில்லை.

கதவை உதைத்த சத்தம் கேட்டதும் கையிலிருந்த கரும்பலகைக் காம்பஸோடு ஓடினேன். வட்டம் போடும் மரக் காம்பஸ், ஒரு கை நீளம் இருக்கும். நான் வாசலை அடைந்தபோது அவன் உள்ளே நின்றிருந்தான், கம்பியோடு. அவனுக்கும் பொடிசுக்கும் நடுவில் அவள். வலது கை முஷ்டி தோளுக்கு மேல் ஏறியிருந்தது. குண்டு எறிந்த கை அது. அவன் எலும்பாக இருந்தான். ஒரே குத்தில் சுருண்டிருப்பான், சத்தியமாகச் சொல்கிறேன்.

அவள் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பொடிசு தரையில் குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடி, முதுகை வளைத்து அடிக்குக் காட்டிக்கொண்டு இருந்தாள். அவன் இன்னும் கிட்டேகூட வரவில்லை. அதற்குள் அவளுக்கு அது தானாக வந்துவிட்டது.

ரவுடி டீச்சரின் முஷ்டி இறங்கியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஃபோனை எடுங்கடா!" என்று கத்தினாள். "எடுங்கடா, எல்லாரும் எடுங்க! இவன் மூஞ்சி தெரியணும். எடுங்க!"

பிள்ளைகள் எடுத்தார்கள். அழுதுகொண்டே எடுத்தார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. "அடிடா" என்றாள். இரண்டாவது இடது காதோரம். ரத்தம் கழுத்து வழியாகச் சேலையில் இறங்கியது. அவள் விழவில்லை, நகரவும் இல்லை, பின்னால் கட்டிய கையையும் அவிழ்க்கவில்லை. அவன் அவளைச் சுற்றிப் பொடிசை எட்டப் பார்த்தான். அந்தப் பக்கமே அவளும் திரும்பி மறித்தாள். அவன் மூன்றாவது முறை ஓங்கினான், நேராக மண்டைக்கு.

நான் காம்பஸோடு வாசலிலேயே நின்றிருந்தேன். அப்போதுதான் கடைசி பெஞ்சின்மேல் ஏறி ஒருவன் பறந்தான். கேமரா. கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அந்த மிருகம் அவனைக் கம்பியோடு சேர்த்துச் சுழற்றிச் சுவரில் அடித்தது. சுவரில் மோதியும் பயல் விடவில்லை. அந்த ஆளின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கம்பி தரையில் விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. காம்பஸைத் தூக்கி அந்த மிருகத்தின் முதுகில் போட்டேன். மறுபடியும் போட்டேன், அது இரண்டாக உடையும்வரை போட்டேன். பொய் சொல்வானேன், எனக்கு ஆசை தீர இருந்தது. மிச்சத்தை ஓடிவந்த ஆசிரியர்களும் காவலாளியும் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் போலீஸிடம், "டீச்சர்தான் கூப்பிட்டு அடிச்சாங்க, நான் தடுத்தேன்" என்று அழுதானாம். வகுப்பு முழுக்க ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு கோணத்தில் எடுத்து வைத்திருந்தது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அவள் கை பின்னால்தான் இருந்தது. அவன் உள்ளே போனான். பூட்டிய கதவுக்குள்ளிருந்து பொடிசின் அம்மாவை வெளியே கூட்டிவந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு அந்தம்மா தரையைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்தாள். இப்போது அம்மாவும் மகளும் சித்தி வீட்டில் இருக்கிறார்கள். ரவுடி டீச்சருக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எனக்குத்தான் வந்தது. எல்லா ஃபோனிலும் காம்பஸோடு நான் அவ்வளவு தெளிவாக இருந்தேன்.

மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போனபோது அந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.

"வேலை போயிடும்னுதானே கையைக் கட்டிக்கிட்ட?" என்றேன்.

"அந்த நேரத்துல எவளுக்குக்கா வேலை ஞாபகம் வரும்? நான் அடிச்சிருந்தா அவன் கட்டுப் போட்டுக்கிட்டுப் போய் நின்னிருப்பான். பொடிசு தரையைப் பார்த்துட்டு நின்னிருப்பா. அப்புறம் வீட்டுக்குப் போய் வாங்கியிருப்பா" என்றாள்.

அடுத்த அறையிலிருந்து கேமரா வந்தான், தோள்வரை மாவுக்கட்டோடு. கூடவே அவன் அம்மா. கொண்டையைப் பிடித்து இழுத்த அதே அம்மா, கதவருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எருமை!" என்று ஆரம்பித்தாள் ரவுடி டீச்சர். "உன்னை எவன்டா குதிக்கச் சொன்னான்? செத்துக் கித்துத் தொலைஞ்சிருந்தா? எல்லாரையும் எடுக்கத்தானே சொன்னேன்?"

அவன் கட்டிலின் இடதுபக்கம் நின்று ஏதோ முனகினான்.

"என்ன?" என்றாள். அந்தக் காது போய்விட்டது, இனி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவனுக்கு அது தெரியும். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்து, குனிந்து, சத்தமாகச் சொன்னான்.

"எதை வெச்சு எடுக்கறது டீச்சர்? அதைத்தான் நீங்க ஒடச்சிட்டீங்களே."

அவள் வழக்கம்போல அவன் தலையில் குட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவன் மாவுக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு அழுதாள்.