ஏழாவது சகுரா

போன மாதம் சுபாங் ஜெயாவில் சொந்தக்காரர் வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். பலூன், கேக் எல்லாம் இருந்தன. பேரை ஒரு பலகையில் எழுதித் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை எடுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். சகுரா என்று எழுதியிருந்தது.

"யாருக்குமே இல்லாத பேரு பாட்டி. ஜப்பான்ல ஒரு பூவாம். கியூட்டா இருக்குல்ல?" என்று குழந்தையின் தாய் என்னிடம் கேட்டாள்.

நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவள் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, இலையில் உட்காராமலே வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள், தெரிந்த அளவுக்கு எழுதுவேன். இதில் மனுஷர் பேர் எதையும் எழுதப் போவதில்லை. அந்த ஒரு பேரின் நாற்றமே போதும்.

யாருக்கும் இல்லாத பேராம்! ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டை ஆண்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லைன் வீடுகளில், எங்கள் ஒரு வரிசையில் மட்டும் ஏழு குழந்தைகளுக்கு அந்தப் பேர் இருந்தது. அதில் ஒன்று ஆண் பிள்ளை.

அது எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தண்டவாள வேலை செய்கிற கூலி. அவருக்கு மேல், கூலிகளை வேலை வாங்குகிற ஒரு மண்டோர். வெள்ளைக்காரத் துரைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தவர், துரை ஓடிப்போன மறுவாரமே ஜப்பான்காரனுக்கு இடுப்பு வரை குனியப் பழகிக்கொண்டார். அவருக்கு ரொம்ப வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு, வேலை நடக்கிற கொட்டகைக்கே வந்துவிட்டார். நான் அப்பாவுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோய் அங்கே நின்றிருந்தேன்.

ஜப்பான் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்து, கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். மண்டோர் குனிந்து, அரைகுறை மலாயில், "அனாக், மாஸ்டர்! நாமா! நாமா!" என்று கெஞ்சினார். பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொல்கிறாராம். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சகுரா" என்றான். பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்து ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். வெட்டிய நகத்தில் ஒரு துண்டு தெறித்து வெற்றிலையில் விழுந்தது. மண்டோர் அதை இரண்டு விரலால் எடுத்தார். கீழே போட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு அரை மூட்டை அரிசி போயிற்று. சோறு கொதிக்கிற வாசனை லைன் முழுக்க வந்தது. நாங்கள் எல்லாம் கிழங்கைத் தின்று, மேலெல்லாம் சிரங்கு பிடித்து, சொறிந்துகொண்டு கிடந்த நேரம் அது. அந்த வாசனைதான் பேரைப் பரப்பியது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு சகுரா. அதற்கடுத்து சகுராவல்லி. சகுரா தேவி என்று ஒன்று. பையன் பிறந்த வீட்டில் விடுவார்களா, சகுராசாமி என்று வைத்தார்கள். அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பூ என்றார்கள், அந்த ஊர் அம்மன் என்றார்கள். கோயில் பண்டாரம் அது சமஸ்கிருதம் என்றே சத்தியம் செய்தார், அவருக்கும் அரிசியில் ஒரு படி கிடைத்தது. குழாயடியில் ஒருத்தி, "சகுரா!" என்று கத்தினால் நாலு வீட்டிலிருந்து, "எந்த சகுரா?" என்று கேட்பார்கள். மூன்றாவது குழந்தைக்குப் பிறகு அந்த அதிகாரி எட்டிப்பார்ப்பதும் இல்லை. மண்டோரே வந்து பேரைச் சொல்லுவார், மேலே எழுதி அனுப்புவார். அரிசியும் குறைந்து குறைந்து ஒரு பால் டின் அளவுக்கு வந்துவிட்டது. அப்போதும் வைத்தார்கள்.

இதற்கு நடுவில் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். யார் போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது மண்டோர்தான். "மூணே மாசம்தாம்பா. போன மாதிரி திரும்பிடலாம்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அம்மா அப்போது இரண்டு மாசம். அப்பா கிளம்பும்போது, "பையனா இருந்தா நீங்களே ஒண்ண வையுங்க. பொண்ணா இருந்தா எங்க ஆத்தா பேருதான், மறந்துடாதீங்க" என்றார். அவருடைய தாயார் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் கிள்ளானில் இறந்தவர். அந்தப் பேரைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அம்மாவிடமும் கேட்டார், என்னிடமும் கேட்டார்.

பெண்தான் பிறந்தது. மூணு மாசம் கழிந்து எவ்வளவோ ஆகியும் அப்பா வரவில்லை. பேரைக் காதில் சொல்ல வேண்டியவர் அப்பாவின் தங்கை. அவர் பண்டமாரானில் இருந்தார். பாஸ் இல்லாமல் ரயில் ஏற முடியாத நாள், அவரும் வரவில்லை. பதினாறாம் நாள் மண்டோரும் அவர் பெண்டாட்டியும் வந்துவிட்டார்கள். அவள் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் அரிசி. பின்னால் லைன் பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"என்னம்மா, சகுராதானே?" என்றார் மண்டோர்.

"இல்லீங்க. அவரு ஒரு பேரு சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்க மாமியா பேரு" என்றாள் அம்மா.

"அப்படியா. என்ன பேரு? சொல்லு."

அம்மா வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. புருஷன் பேரையும் மாமியார் பேரையும் பெண்டாட்டி உச்சரிக்கக் கூடாது, உச்சரித்தால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். அந்தப் புருஷன் எந்தக் காட்டில் கிடக்கிறானோ என்று இருக்கும்போது எப்படிச் சொல்லுவாள்?

"சாமி பேருதாங்க" என்றாள்.

"சாமி ஆயிரம் இருக்கு. எந்தச் சாமி?"

"வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற சாமி."

"வெள்ளிக்கெழம எல்லாச் சாமிக்குந்தான் வெளக்கு வைக்கிறோம்" என்றாள் மண்டோர் பெண்டாட்டி. "என்னாங்க, இவ மாமியாளுக்குப் பேரே கெடையாது போல!"

லைன் பெண்கள் சிரித்தார்கள். அவர்களும் மாமியார் பேரைச் சொல்லாதவர்கள்தான். இருந்தும் சிரித்தார்கள்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். "ஏய், நீ சொல்லுடி. உங்கப்பாவோட ஆத்தா பேரச் சொல்லு."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்தப் பேர் நன்றாகத் தெரியும். நாக்கில் நின்றது. அப்போது மண்டோர் பெண்டாட்டி தட்டைக் கொஞ்சம் தன் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ளைக்கே தெரியல. அப்புறம் என்னா?" என்றார் மண்டோர்.

அவர் பெண்டாட்டி குழந்தையை அம்மா மடியிலிருந்து எடுத்து, வெற்றிலை வாயோடு அதன் காதில் மூன்று தரம், "சகுரா, சகுரா, சகுரா" என்றாள். சிவந்த எச்சில் குழந்தையின் காதில் தெறித்தது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கூச்சத்தில் பேசாமல் நின்றுவிட்டேன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் கூச்சக்காரிதான். ஆனால் அன்று என் வாயை அடைத்தது கூச்சம் இல்லை, அரிசி.

அந்த அரிசியையும் சொல்கிறேன். கெட்டுப் போகாமல் இருக்கச் சுண்ணாம்பு கலந்து வைத்த அரிசி. ஏழு தண்ணீரில் கழுவினாலும் மஞ்சளாகவே இருக்கும். வடித்தால் பழைய சுவரை நனைத்த மாதிரி நாற்றம். வெந்த புழு வெள்ளையாக மேலே மிதக்கும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு ஓங்கரித்தாள். நான் அவள் பங்கையும் தின்றேன். தின்று தட்டை நக்கினேன்.

அம்மா ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "குட்டி" என்பாள், அவ்வளவுதான். லைன் முழுக்க சகுரா என்றது, நானும் சகுரா என்றேன். வாய்க்குப் பழகிவிட்டது.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்த அந்த வாரத்திலேயே லைனில் ஒரு சகுரா இல்லை. "எம்மவ பேரு எப்பவும் அம்மன் பேருதான். சும்மா கூப்புடறதுக்கு என்னமோ சொன்னோம்" என்றாள் மண்டோர் பெண்டாட்டி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எங்கள் வீட்டு ஏழாவது சகுராவுக்கு மட்டும் பேர் மாறவில்லை. "அவரு வந்து வைக்கட்டும்" என்றாள் அம்மா. என்னிடம் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், மண்டோர் திரும்பவும் மண்டோர். எங்கள் வாசலைக் கடக்கும்போது தங்கையைப் பார்த்து, "என்னாடி ஜப்பான்காரி, உன் ஆளுங்க ஒன்ன உட்டுட்டு ஓடிட்டானுங்களே!" என்பார். முந்தின மாதம் வரை தங்கள் பிள்ளையை அதே பேர் சொல்லிக் கொஞ்சியவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

சில மாதம் கழித்து அப்பா வந்தார். இடுப்பில் சாக்குத்துணி. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை புண், எலும்பு தெரிந்தது. வாசலில் வந்து உட்கார்ந்ததும் எழுந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பெற்ற அப்பனைப் பார்த்து முதலில் செய்தது அதுதான்.

தங்கை கொஞ்சம் தள்ளி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா அவளையே பார்த்தார். பிறகு தன் தாயார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார்.

"ஏன் திரும்ப மாட்டேங்குது? காது கேக்காதா?"

அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

"அவளுக்கு அந்தப் பேரு தெரியாதுப்பா" என்றேன்.

"பின்ன என்னா பேரு?"

நான் சொல்லவில்லை. கூப்பிட்டேன். "சகுரா."

அவள் உடனே எழுந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்பா முகம் சுருங்கியது. அடித்தவன் பாஷை அது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யாரு வச்சா?"

"மண்டோரு."

"உங்கம்மாவால சொல்ல முடியாது. ஒனக்குத் தெரியுமே. நீ சொல்லலையா?"

"வெக்கமா இருந்துச்சுப்பா" என்றேன்.

"பாவம், பயந்த புள்ள" என்று அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையிலும் புண் இருந்தது. நான் நகராமல் நின்றேன்.