துரைசாணியின் எடை

பூனையைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் இக்னேஷியஸ் தம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்கிறார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தராசுத் தட்டை இரண்டு தரம் துடைக்கிறார். எதிர்த் தட்டில் கபாலி எடைக்கற்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறான். துரைசாணி தட்டில் ஏறி உட்கார்ந்து, கரி வாங்கக் கூடையோடு நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னங்காலை நக்கத் தொடங்குகிறது. சனிக்கிழமை காலையில் இந்த வைபவம் முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வியாபாரம். அவசரம் என்று யாராவது முனகினால், "மொதல்ல உயிர் இருக்கிறத நிறுத்துடுவோம், அப்பால உயிர் இல்லாதத நிறுக்கலாம்" என்று பதில் வரும்.

மந்தைவெளியிலிருந்து சாந்தோமுக்குக் குறுக்கே போகிற சந்தில் இருக்கிறது அவருடைய விறகுத்தொட்டி. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் புளி, நடுவில் கரிக்குவியல். அங்கே நிற்கும் வேப்பமரத்தின் இலைகூடக் கறுப்பு. இத்தனை கறுப்புக்கும் நடுவில் இக்னேஷியஸ் மட்டும் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருப்பார். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பெட்டி போட்ட முழுக்கைச் சட்டை; அவர் மனைவி வெரோனிகாவின் கைவேலை. அதில் ஒரு கரிப்பொட்டு விழுந்து பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. இதில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. பூனையைத் தவிர மனிதர் எதையும் தொடுவதில்லை, அவ்வளவுதான். விறகு பிளப்பது கபாலி, கரி அள்ளுவது கபாலி, நிறுப்பதும் கபாலி. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். சிலவற்றைப் பார்க்காமலும் பார்த்துக்கொள்வார்.

பார்க்காதவற்றில் தலையானது, கரி நிறுக்கும் தட்டின் அடிப்பக்கம். அங்கே ஒரு தார் உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். ஈயத்துண்டு ஒன்றை உள்ளே வைத்து உருட்டியது. அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு கரி வாங்குகிறவர் கூடையில் குறையும். காலித் தராசு சாய்ந்து நின்றால் சங்கதி அம்பலமாகிவிடும் என்று, எதிர்த் தட்டில் ஒரு சின்னக் கல் கிடக்கும்; நிறுக்கும்போது கபாலி அதை நைசாக எடுத்துவிடுவான். ஊருக்கே இது தெரியும். தெரிந்து என்ன செய்வது? யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸே கரிப்புகையில் ஓடுகிறது. அடுத்த தொட்டிக்குப் போனால் அங்கே உருண்டை இதைவிடப் பெரிது.

இக்னேஷியஸ் தெய்வபயம் உள்ளவர். தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யத் தவறமாட்டார். கோபப்பட்டது, பூசையில் கண்ணயர்ந்தது, மச்சினனைப் பற்றிப் புறம் பேசியது எல்லாவற்றையும் சாமியாரிடம் கொட்டிவிடுவார். தட்டின் அடிப்பக்கம் மட்டும் அந்த ஜாபிதாவில் வராது. அதை ஒட்டுகிறவன் கபாலி. ஒட்டு என்று இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒட்டாதே என்றும் சொன்னதில்லை. குனிந்து பார்த்தால் அல்லவா பாவம்? இவர் இடுப்பு வலிக்காரர். குனிவதே இல்லை.

இப்படிப்பட்டவருக்குப் பூனை வந்து சேர்ந்தது கரிக்குள்ளிருந்து. போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, லஸ் பக்கத்துப் பங்களாக்காரர்கள் ஊறுகாய் ஜாடி, ஹார்மோனியம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூனைகளை மறந்துவிட்டார்கள். குண்டு விழாமல் ஊர் திரும்பியபோது வீடு இருந்தது, ஜாடி இருந்தது, பூனையை யாரும் தேடவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் கபாலி மண்வெட்டியைப் போட்டு இழுத்தபோது கரித்துண்டுகளோடு ஒரு கறுப்புத் துண்டு உருண்டு வந்து, வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். கழுவிப் பார்த்தால் பளீரென்று வெள்ளை. "இன்னாடா இது, வெள்ளைக்காரத் துரைசாணியாட்டம் கீது" என்றார் இக்னேஷியஸ். பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

அவருக்கு ஏன் அந்தப் பூனையின் மேல் அவ்வளவு பிடிப்பு என்று வெரோனிகா கேட்டுப் பார்த்தாள். ஊர் காலியானபோது அவளைச் செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொட்டியைக் காக்க இவர் மட்டும் இருந்தார். கபாலிகூட மாமியார் ஊருக்கு ஓடிவிட்டான். விற்க ஆளில்லாத கரிக்கு நடுவில், தாமே கஞ்சி வைத்துக் குடித்து, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த மாதங்களை அவர் யாரிடமும் விவரித்ததில்லை. பூனையைத் துடைத்துவிட்டபடியே, "இதுவும் நானும் அப்ப இங்கதான் இருந்திருக்கோம். ஒண்ணுக்கொண்ணு தெரியாம இருந்துட்டோம்" என்று மட்டும் சொன்னார். அது செத்துவிடக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அதனால் பால் ஊற்றினார். பட்டணத்தில் பாலுக்குத் தவம் கிடக்கிற காலத்தில், தம் காப்பிப் பாலை அப்படியே பூனைக்குக் கவிழ்த்துவிட்டுக் கடுங்காப்பி குடித்தார். தவக்காலம் பிறந்துவிட்டதால் இது ஒறுத்தல் முயற்சி என்று வெரோனிகா கோயிலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். பூனை பாலைக் குடித்தது. குடித்த கையோடு வயிற்றால் போயிற்று. சரி, தேறுகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமைதோறும் தராசில் வைக்க ஆரம்பித்தார். இரண்டாம் சனிக்கிழமை எடை இறங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

ஊரார் கண்ணுக்குப் பூனை எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. நொச்சிக்குப்பத்து மீன்காரி முத்தம்மா கரி வாங்க வந்தவள், சும்மா இருக்கமாட்டாமல் சொன்னாள்: "பட்டினி கெடந்த வயிறு நைனா. பால ஊத்துனா கொட்டிக்கினு பூடும். காரப்பொடி மீன அவிச்சி, முள்ள எடுத்துட்டு, உப்பு போடாம விரலால கொஞ்சம் கொஞ்சமா குடு. ஒரே வாட்டியா குடுக்காதே." இக்னேஷியஸ் புன்னகை செய்தார். எதிர்த் தட்டில் இருந்த கற்களைச் சுட்டிக்காட்டினார். "நீ சொல்றது இருக்கட்டும் முத்தம்மா. இது பாரு. வாராவாரம் ஏறுது. மனுஷன் சொல்வான் ஆயிரம். தராசு பொய் சொல்லுமா?"

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கான்வென்டில் பாடம் சொல்லும் கிளாடிஸ் டீச்சருக்கு மட்டும் பொருத்தமாக இருமல் வந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வெயில் காலையிலேயே சுட்டது. பூனை தட்டில் உட்காரவில்லை, படுத்துவிட்டது. கற்களும் பூனையும் சமமாக நின்றன. போன வாரத்தைவிட ஏற்றம். இக்னேஷியஸ் அதை அறிவிக்க வாயைத் திறந்த வேளையில், தட்டுக்குக் கீழே தொப்பென்று எதுவோ விழுந்தது. வெயிலில் இளகிய தார் கைவிட்டுவிட்டது. கற்கள் இருந்த தட்டு தரையில் இடிக்க, பூனை இருந்த தட்டு விர்ரென்று மேலே போயிற்று. அந்தரத்தில் ஆடும் தட்டின் விளிம்புக்கு மேலே துரைசாணியின் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

யாரும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த உருண்டை, பேட்டை அறிந்த பழைய உருண்டை அல்ல. பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது. இக்னேஷியஸ் அதைப் பார்த்தார், கபாலியைப் பார்த்தார். கபாலிக்குத் தப்பிக்கும் உத்தேசமே இல்லை.

"அந்த வாரம் எடை எறங்குச்சின்னு நீ சோறு துன்னாம உக்காந்துக்கினு இருந்தே மொதலாளி. மனசு தாங்கல. அதான் வாராவாரம் கொஞ்சூண்டு சேத்து ஒட்டினேன். நீ சந்தோசமா இருந்தியே."

திருட்டுப்பயலே என்று ஆரம்பிக்கத்தான் இக்னேஷியஸுக்கு ஆசை. எங்கே ஆரம்பித்தாலும் அது தம் வாசலில் வந்து நிற்கும் என்று தெரிந்தது. கூடையோடு நின்ற அத்தனை பேரும், அவர் என்ன சொல்லித் திட்டப் போகிறார் என்று ஆவலாகக் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. பூனையை மறுபடியும் நிறுக்கச் சொன்னார். கற்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் சனிக்கிழமை நின்ற இடத்துக்கும் வெகு கீழேதான் தராசு நின்றது. இத்தனை வாரமாக அது செத்துக்கொண்டிருந்தது, இவர் கொண்டாடிக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு முத்தம்மாவிடம், மீனை எப்படி அவிக்க வேண்டும் என்று கேட்டார்.

முத்தம்மா சொன்னதோடு நிற்காமல் தினம் ஒரு கை காரப்பொடியும் கொண்டுவந்து கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. சனிக்கிழமை பூனை இறங்கிய தட்டில், கபாலி உருண்டையைத் திரும்ப ஒட்டுவதற்கு முன்னால், முதல் கூடை தன்னுடையதாக இருக்க வேண்டும். நியாயமான பேரம்தான். இக்னேஷியஸ் ஒப்புக்கொண்டார்.

உருண்டை திரும்பவும் ஏறுமா என்று கேட்காதீர்கள். பூனைக்கு ஒரு தராசு, மனுஷனுக்கு ஒரு தராசு என்று ஏற்பாடாகிவிட்டது. சனிக்கிழமை காலை கபாலி உருண்டையைப் பிய்த்து எடுப்பான். துரைசாணிக்கு உண்மையான எடை. முத்தம்மாவின் கூடை முடிந்ததும், உருண்டையைக் கரி அடுப்பில் காட்டி இளக்கித் திரும்ப ஒட்டுவான். மற்றவர்களுக்குப் பழைய எடை. ஆனால் தார் இளகுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் யார் கூடையை நீட்டினாலும் நிறை சரியாக இருக்கும் என்பதைப் பேட்டை இரண்டே வாரத்தில் கண்டுகொண்டது. சனிக்கிழமைக் கூட்டம் தெரு முனை வரை போயிற்று. அந்த இடைவெளியை நீட்டுவதற்காக, கபாலியின் பெண்ணுக்கு வரன் பார்த்தாகிவிட்டதா என்று ஒருத்தர் விசாரிப்பார். கிளாடிஸ் டீச்சர் அடுப்பு பற்றவைக்கும் தீப்பெட்டியின் மேல் தன் பையை வைத்துவிட்டு எங்கேயோ பார்ப்பாள். எல்லோரும் மறக்காமல் துரைசாணி சௌக்கியமா என்று கேட்பார்கள். தேறட்டும், ஆனால் நிதானமாகத் தேறட்டும் என்பதுதான் அந்தப் பிரார்த்தனையின் உட்பொருள்.

பூனைக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. விரலில் தடவிய மீனை முதலில் முகர்ந்தது, பிறகு நக்கியது, பிறகு விரலையும் சேர்த்துக் கடித்தது. கடிபட்ட விரலை இக்னேஷியஸ் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். வெள்ளைச் சட்டைக்காரரின் கை இப்போதெல்லாம் மீன் வாடை அடிப்பதாக வெரோனிகா குறைப்பட்டுக்கொண்டாள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. உடம்பில் பளபளப்பு வந்தது. கூடவே அதிகாரமும் வந்தது.

போன சனிக்கிழமை தட்டில் உட்கார்ந்த துரைசாணிக்கு வழக்கமான கற்கள் போதவில்லை. கபாலி இன்னொரு கல் வைத்தான். அதற்கும் தட்டு அசையவில்லை. மறுபடியும் ஒன்று. அதற்கு மேல்தான் முள் நேரே நின்றது. அறிவிக்க வேண்டிய இக்னேஷியஸ் அறிவிக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு ஏற்றத்தை ஒரு தடவை நம்பிப் பட்டது போதாதா?

"கபாலி, அடியில ஏதாச்சும் கீதா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல மொதலாளி. தோ, உருண்டை என் கையில கீது. நம்பிக்கை இல்லாட்டி நீயே குனிஞ்சி பாத்துக்க."

கபாலி வெகுளியாகத்தான் சொன்னான். ஆனால் அந்தத் தொட்டியில் இதுவரை யாரும் முதலாளியைப் பார்த்துக் குனி என்று சொன்னதில்லை. இக்னேஷியஸ் பூனையைப் பார்த்தார். பிறகு வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல், கரித்தூளில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, தலையைச் சாய்த்துத் தட்டின் அடியைப் பார்த்தார். பார்த்தது போதாமல் உள்ளங்கையை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார். துருப்பிடித்த வெறும் இரும்பு. வேறொன்றும் இல்லை. அத்தனையும் பூனையின் சொந்தச் சதை.

எழுந்தபோது முகம் முழுக்கச் சந்தோஷம். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. துரைசாணி தட்டிலிருந்து குதித்து, வாலை நிமிர்த்திக்கொண்டு நிழலுக்குப் போயிற்று. முத்தம்மா கூடையை வைத்தாள், நிறுத்து வாங்கிக்கொண்டாள். அடுத்து கிளாடிஸ் டீச்சர் அவசர அவசரமாகத் தன் கூடையை நீட்ட, கபாலி அடுப்பில் காட்டி இளக்கிய உருண்டையோடு தட்டின் அடிக்குக் கையைக் கொண்டுபோனான்.

இக்னேஷியஸ் நடுவில் கையை நீட்டினார். கபாலி புரியாமல் உருண்டையை அந்தக் கையில் வைத்தான். அவர் அதை ஒரு முறை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தம் வெள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.